காற்று மெத்தையில் குவாண்டம்

என் அருமைப் புரொபசர் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். அப்பா போன வாரம் போலவே படுத்திருக்கிறார். பேச்சு இல்லை, வலது கை அசையவில்லை, கஞ்சி குழாய் வழியாக இறங்குகிறது. போனில் பேசினால் நீ குறுக்கே புகுந்து என் வாயை அடைத்துவிடுவாய் என்பதால்தான் கடிதம். உட்கார்ந்து முழுக்கப் படி.

முதலில் உன் மகத்தான கண்டுபிடிப்பு. நீ வாங்கித் தந்த மெஷினில் அப்பாவின் தலையிலிருந்து நான் எடுத்து அனுப்பும் ஈ.ஈ.ஜி. மூளை அலைப் பதிவுகளைப் பார்த்துவிட்டு என்ன சொன்னாய்? "அக்கா, பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா ஒரு அலை எழும்பி, ஒரே சீரா நின்னு, அடங்குது. சாதாரண மூளை இப்படிச் செய்யாது. உள்ள குவாண்டம் வேலை நடக்குது." இதை மாநாட்டில் படிக்கப் போவதாகச் சொல்லி, ஊருக்கு வரும் டிக்கெட்டையும் தள்ளிப் போட்டாய்.

படுக்கைப் புண் வராமலிருக்க அப்பாவுக்குக் காற்று மெத்தை போட்டிருக்கிறோம். கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் பம்பு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி, ஒரு வரிசையில் காற்றை ஏற்றி மறு வரிசையில் இறக்கும். செவ்வாய்க்கிழமை அந்தப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நாற்பது நிமிடம் பதிவு எடுத்தேன். உன் குவாண்டம் ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை. பிளக்கை மாட்டினேன், வந்துவிட்டது. முப்பத்தெட்டு வருடம் லைன்மேனாகக் கம்பம் ஏறிய மனுஷனின் தலையில் நீ கரண்டைக் கண்டுபிடித்திருக்கிறாய். அவருக்கு மட்டும் பேச்சு இருந்திருந்தால், முதல் நாளே "டேய், பிளக்கைப் புடுங்கிட்டுப் பாருடா" என்றிருப்பார்.

என் பங்குக்கும் தப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் பதிவு எடுக்கும்போது நோயாளி இருமினால் 'இருமல்', கதவு திறந்தால் 'கதவு' என்று அந்த இடத்திலேயே குறித்துவிடுவேன். இருபது வருடப் பழக்கம். வீட்டில்தானே என்ற அலட்சியத்தில் 'பம்பு' என்று குறிக்காமல் விட்டேன். நீயும் மெஷினில் எதையும் வடிகட்டாமல் அப்படியே அனுப்பு என்றாய். ஆனால் என்னிடம் வேலை பழக வரும் பிள்ளைகள்கூட, சந்தேகமாக ஓர் அலை வந்தால் அறையில் என்ன ஓடுகிறது என்று முதலில் கேட்பார்கள். உனக்கு அது தோன்றவில்லை.

மூளைக்குள் குவாண்டம் இருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு சூடும் ஈரமுமான இடத்தில் குவாண்டத்தின் நுட்பமான நிலை கண் இமைப்பதற்குள் கலைந்துவிடும் என்பார்கள் என்று நீயே எனக்கு விளக்கினாய். கலையாமல் இருக்க வழி உண்டா என்று தேடுகிறவர்கள் தேடட்டும், நாளை நிரூபித்தால் நானும் கை தட்டுவேன். தன்னுணர்வு எப்படி உண்டாகிறது என்பது யாருக்கும் தெரியாது, குவாண்டமும் யாருக்கும் முழுதாகப் புரியவில்லை. புரியாத இரண்டையும் சேர்த்துக் கட்டி, அதை என் அப்பாவின் தலையில் ஏற்றிவைக்காதே என்றுதான் சொல்கிறேன். தினமும் பசை தடவி வயர்களை ஒட்டியதில் அவர் நெற்றியோரம் தோல் உரிந்து கிடக்கிறது. இனி ஒட்ட மாட்டேன்.

டாக்டர் நேற்று வந்தார். ஒரு மாதம் தாங்கினால் அதிகம் என்றார். உன் மாநாடு அதற்குப் பிறகு என்பது எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன், மனசு கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை பம்பு நின்றிருந்த நேரத்தில் உன் வாய்ஸ் மெசேஜ் வந்தது. கையெல்லாம் பசையாக இருந்ததால் போனைக் கட்டிலிலேயே வைத்துச் சத்தமாகப் போட்டேன். "சப்ஜெக்ட்டோட கண்ணை மூடியே வை அக்கா" என்று நீ பேசிக்கொண்டு போனாய். பெற்ற அப்பனை, ஆராய்ச்சிக்குப் பிடித்த எலி மாதிரி, சப்ஜெக்ட் என்கிறாயே என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தால், அதுவரை சோம்பலாக ஓடிய அலைகள் கலைந்து, வேகமான சிறு அலைகள் எழுந்தன. பதினோரு விநாடி. மெசேஜ் முடிந்ததும் அடங்கின. அதையே மறுபடி போட்டேன், மறுபடி எழுந்தன. என் குரலுக்கும், அதே போனில் போட்ட ரேடியோவுக்கும் இப்படி எழுந்ததில்லை.

இதற்கும் ஒரு தியரி கட்டிவிடாதே. ரொம்ப நாளாகக் காத்திருந்த குரலைக் கேட்டால் மனுஷ மூளை இப்படித்தான் செய்யும், ஆஸ்பத்திரியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை மறக்காமல் அந்த இடத்தில் குறித்துவிட்டேன்: 'மகன் குரல். மகன் அறையில் இல்லை.'

அந்த இரண்டாவது வரியை நான் அழிக்கும்படி வந்து சேர். நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா