ஆணி அடிக்காத பலகை

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் கை கால் முழுசாக நலமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன், இந்தத் தடவை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை. அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, தங்கச்சிக்குப் பரீட்சை முடிந்தது, வீட்டுக்காரர் ஒருவழியாகக் குளியலறைக் கதவை மாற்றிக் கொடுத்தார். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். உட்கார்ந்து முழுசும் படி.

எங்கள் கட்டட சைட்டில் பாதுகாப்புக் கமிட்டி இருப்பது உனக்குத் தெரியும். மாதம் ஒருமுறை மேலாளர் பக்கம் மூன்று பேரும் வேலையாட்கள் பக்கம் மூன்று பேரும் உட்கார்ந்து எங்கே ஆபத்து இருக்கிறது என்று பேச வேண்டும். அதில் ஒரு பெண்ணும் வேண்டும் என்று சூப்பர்வைசர் என் பெயரைக் கொடுத்துவிட்டார், வேலையாட்கள் யாரையும் கேட்கவில்லை. சித்தாளுக்கு நாற்காலி போட்டு டீ கொடுத்தார்களே என்று நானும் உச்சி குளிர்ந்துபோனேன். போன மாதக் கூட்டத்தில் ஒரு விஷயம் சொன்னேன். ஐந்தாம் மாடியில் குழாய் இறக்க விட்ட ஓட்டையை வெறும் பிளைவுட் பலகை போட்டு மூடியிருந்தார்கள், ஒரு ஆணிகூட அடிக்கவில்லை, சிமெண்ட் தூசி படிந்து தரை எது பலகை எது என்று தெரியவில்லை, மணல் சட்டியோடு போன என் கால் பட்டு அது நகர்ந்துவிட்டது. பாத்துக்கலாம்மா என்றார் மேலாளர். கூட்டத்தில் பேசியதை எழுதும் நோட்டு வந்தது, கிளார்க் விரலை வைத்துக் காட்டிய இடத்தில் பிஸ்கட்டை மென்றுகொண்டே கையெழுத்துப் போட்டேன்.

ஒன்பதே நாள். பூச்சு வேலைக் கொத்தனார், நம் வீட்டு வாசலில் குனிந்து வந்தும் தலையை இடித்துக்கொள்வாரே, அந்த நெட்டை அண்ணன், சாரப் பலகையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து வந்திருக்கிறார். ஓட்டையை மூடியிருந்த அதே பிளைவுட் காலடியில் வழுக்கி, ஓட்டை வழியே நாலாம் மாடியில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. உயிர் பிழைத்தது பெரிய காரியம். மூன்றாம் நாள் விசாரிக்க அதிகாரி வந்தார். கொத்தனார்தான் கவனிக்காமல் நடந்துவிட்டார் என்று மேலாளர் கூசாமல் சொன்னார். சொல்லிவிட்டு நோட்டைப் பிரித்தார். குறை ஏதும் இல்லை என்று எழுதியிருந்தது, கீழே என் கையெழுத்து. "அவங்க பிரதிநிதியே போட்டிருக்காங்களே சார்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த ஆள் மேல் பாதிக் கோபம், என் மேல் மீதி. மருந்து அட்டையில் தேதியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவள், இதைப் படிக்காமல் போட்டிருக்கிறேன். விழுந்த மனுஷன் மேல் பழி போட என் கையெழுத்துதான் கிடைத்தது.

எழுந்து நின்றேன். "கையெழுத்து என்னுது சார். மேல எழுதினது என்னுது இல்ல. பலகைக்கு ஆணி இல்லன்னு சொன்னேன், இவங்க எழுதல." அம்மா பதற்றத்தில் பேசுகிறார், தண்ணீர் கொடுங்கள் என்று மேலாளர் சிரித்தார். அப்போது கமிட்டியில் வேலையாட்கள் பக்கம் இருக்கும் வெல்டர், போன மாதக் கூட்டம் முழுக்க போனை விட்டுத் தலையைத் தூக்காத ஆள், "அக்கா சொன்னாங்க. நான் கேட்டேன்" என்றார். அவ்வளவுதான். அதிகாரி இரண்டையும் எழுதிக்கொண்டு மாடி மாடியாக ஏறி ஒவ்வொரு பலகையையும் காலால் தள்ளிப் பார்த்தார். மூன்று மாடியில் நகர்ந்தது.

கொத்தனார் மேல் தவறில்லை என்று அறிக்கை வந்துவிட்டது, எல்லா ஓட்டைக்கும் ஆணி அடித்துக் கம்பித் தடுப்பும் வைத்துவிட்டார்கள். அண்ணன் நடக்க ஆறு மாதம் ஆகுமாம். ஆஸ்பத்திரியில் அவர் மனைவி என் கையைப் பிடித்து நன்றி சொன்னார், என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதிகாரியிடம் பேசிய மறுநாளிலிருந்து என்னைத் தனியாக வெயிலில் சட்டி கழுவ விட்டிருக்கிறார்கள், கழுவுகிறேன். போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர்த் தொட்டியடியில் எல்லோரும் கூடிக் கை தூக்கி என்னையே பிரதிநிதி ஆக்கினார்கள். இப்போது நோட்டை வாங்கி எல்லோர் காதிலும் விழும்படி வாசித்த பிறகுதான் பேனாவைத் தொடுகிறேன்.

இனி உன் கதைக்கு வருகிறேன். போன கடிதத்தில் நீ, கணக்குக் காட்டப் படம் எடுக்கும்போது உயரத்தில் மாட்டும் பாதுகாப்பு பெல்ட் கொடுத்தார்கள், எடுத்ததும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், கிடைத்தது என்று கையெழுத்தும் போட்டேன், எல்லாரும்தானேம்மா போட்டாங்க என்று வேடிக்கை போல எழுதியிருந்தாய். பதினாலு மாடிக்கு மேலே நின்றுகொண்டு என்னடா வேடிக்கை? அங்கே கமிட்டி இருக்கிறதா, உங்கள் பிரதிநிதி யார், அவரை நீங்கள் தேர்ந்தெடுத்தீர்களா என்று விசாரி. தனியாகப் போய் நிற்காதே, கூட வேலை செய்கிறவர்களைச் சேர்த்துக்கொண்டு போ. பெல்ட் இல்லாமல் ஏறச் சொன்னால் ஏறாதே. வேலையை விட்டு அனுப்பினால் நேரே வீட்டுக்கு வா, உலை வைக்க அரிசி இருக்கிறது.

நீ நூறு வயது வரை சொந்தக் காலில் நடந்து திரிய வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார். பெல்ட் கிடைத்தால் அதை மாட்டிக்கொண்டு படம் எடுத்து அனுப்பாதே. படம் எனக்கு வேண்டாம், தினமும் மாட்டிக்கொள்.

இன்னும் கோபம் ஆறாத,
உன் அம்மா