அப்பாவின் ஊர்

தடுப்பு முகாம், அரிசோனா
செப்டம்பர் 9

அன்புள்ள டெல்ஃபினா அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆள்தான் முகாமில் இருக்கிறேன். ஃபீனிக்ஸில் நாங்கள் கூரை போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்குக் குடிவரவு அதிகாரிகள் வந்தார்கள். நம் ஓஒதாம் பழங்குடி அடையாள அட்டையை நீட்டினேன்.

"என்னப்பா இது, கேசினோ அட்டையா?" என்றான் ஒருவன்.

"நாங்க இந்த மண்ணுக்காரங்க சார். நீங்க வேலி போடுறதுக்கு முன்னாடியே இங்கதான் இருக்கோம்."

"சரி, உனக்கு எந்த ஊரு?"

யார் கேட்டாலும் நம் ஆட்கள் சொல்வதைப்போல அப்பாவின் ஊரைச் சொல்லிவிட்டேன், கூறுகெட்டவன். அது வேலிக்குத் தெற்கே, மெக்சிகோவில் இருப்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. கையெழுத்துப் போட்டால் நாளையே அங்கே இறக்கிவிடுவார்களாம். பயமாக இருக்கிறது, அக்கா. நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு அங்கே அப்பா கல்லறைக்கு வருவதாகச் சொன்னதை மறக்கவில்லை.

தம்பி,
ஆல்வின்


செல்ஸ்
செப்டம்பர் 15

அன்புத் தம்பிக்கு,

எதிலும் கையெழுத்துப் போடாதே. நீ வேலிக்கு இந்தப் பக்கம், டூசான் ஆஸ்பத்திரியில் பிறந்தவன். பிறப்புச் சான்றிதழை நம் வக்கீல் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன்.

"அவன் ஏன்க்கா போயும் போயும் அந்த ஊரைச் சொன்னான்?" என்றாள்.

"வேற எதைடி சொல்லுவான்?" என்றேன். அவளும் நம் பெண்தானே, சிரித்துவிட்டாள்.

வாயை மூடிக்கொண்டு இரு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா,
டெல்ஃபினா


ஃபீனிக்ஸ்
அக்டோபர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

விட்டுவிட்டார்கள். பிறப்புச் சான்றிதழைப் பார்த்த அதிகாரி, "இத முன்னாடியே காட்டியிருக்கலாமேப்பா" என்றான். அவ்வளவுதான், ஒரு மன்னிப்புகூட இல்லை. இப்போது கூரை மேல் ஏறினாலும் சான்றிதழ் சட்டைப்பையில் இருக்கிறது. ஊர் கேட்டால் ஃபீனிக்ஸ் என்கிறேன். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகினேன்.

கல்லறைக்கு வரவில்லை. தெற்கே போனால் திரும்ப உள்ளே விடுவார்களோ என்னவோ. நீ போனால், எல்லைச் சாவடியில் அப்பா ஊரைச் சொல்லாதே, செல்ஸ் என்றே சொல்.

ஆல்வின்


செல்ஸ்
நவம்பர் 4

அன்புத் தம்பிக்கு,

கல்லறையைக் கூட்டிச் சுத்தம் செய்து, சாப்பாடு வைத்தேன். உன் பங்குக்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். கோபமில்லை என்று சொன்னால் பொய். உனக்கு எழுதவேண்டிய வசவுகளை வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

திரும்பும்போது சாவடியில், "எந்த ஊரும்மா?" என்றான். பாஸ்போர்ட் கையிலேயே இருந்தது. பயப்பட ஒன்றுமே இல்லை.

"செல்ஸ்" என்றேன். உடனே விட்டுவிட்டான். விரலிடுக்கில் கல்லறை மண்கூட இன்னும் காயவில்லை.

உன்னைத் திட்ட எனக்கு இனி வாயில்லை.

அக்கா,
டெல்ஃபினா