நான் எந்தக் குரூப்பிலும் இல்லை

திங்கள், ஐப்பசி 17

காலையிலிருந்து தூறல். மேற்கே மலை தெரியவில்லை. குடைக்கம்பி ஒன்று ஒடிந்துவிட்டது, சரி செய்யக் கொடுக்க வேண்டும். பால், தீப்பெட்டி, மூட்டுவலித் தைலம்.

தம்பி என்னை வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து நீக்கி இன்றோடு பத்தொன்பது நாள். அவனிடமிருந்து போன் இல்லை. நானும் செய்யவில்லை. செய்ய மாட்டேன்.

நடந்ததை எழுதி வைக்கிறேன். ராஜபாளையத்தில் இருக்கும் தம்பி சுப்பையா, 'கோவிளுக்கு அனைவறும் வறவும்' என்று போட்டிருந்தான். மூன்று சொல், மூன்று பிழை. திருத்திப் போட்டேன். கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சி ஒன்றைப் பதிலாகப் போட்டான். பின்னாலேயே சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு மூஞ்சி. டொய்ங் டொய்ங் என்று ஓயாத சத்தம். நிறுத்துவதற்காக மேலே இருக்கிற மூணு புள்ளியை அழுத்தினேன். என்னவோ கேட்டது, ஆமாம் கொடுத்தேன். மறுபடி கேட்டது, மறுபடி ஆமாம். சத்தம் நின்றது. அந்த நேரம் பார்த்து அவன் என்னைத் தள்ளிவிட்டான். 'வெளியே' என்று கண்டது. கண்ணாடி போட்டு மீதியைப் படிக்க மனம் வரவில்லை.

என் மகள் கோதை (வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட்), "சித்தப்பா ஒண்ணும்..." என்று ஆரம்பித்தாள். முடிக்க விடவில்லை. நீயும் வெளியே வா, அவிய வீட்டு நம்பரை எல்லாம் உன் போனில் வரவிடாமல் அடைத்து வை என்றேன். செய்தாள். மூன்று நாள் பேசவில்லை.

அகராதி எடுத்துப் பார்த்தேன். குரூப் = குழு, தொகுதி, கூட்டம். அவ்வளவுதான். ஆனால் ஊரில்?

கோதை பிளஸ் டூவில் எடுத்தது ஃபர்ஸ்ட் குரூப். கணக்கும் விஞ்ஞானமும். பிறகு அரசாங்க வேலைக்கு மூன்று தடவை எழுதியது குரூப் ஃபோர். ஃபர்ஸ்ட் படித்தவள் ஏன் ஃபோர் எழுத வேண்டும், தெரியவில்லை.

மில் போர்டில் 'குரூப் ஆஃப் கம்பெனிஸ்'. எல்லாவற்றுக்கும் முதலாளி ஒரே ஆள். ஒரு ஆள் எப்படிக் கூட்டம்?

மில்லில் குரூப் போட்டோ. ஓரத்தில் நின்றேன். பிரேம் போட்டவன் என் தோளை வெட்டிவிட்டான்.

டீக்கடையில், "அவன் வேற குரூப்புப்பா." இது பகை.

பக்கத்து வீட்டம்மா செவ்வாய்தோறும் "குரூப்புக்குப் போறேன்" என்கிறாள். மகளிர் குழு. இது நட்பு.

ஒரே சொல். நட்புக்கும் அதுவே, பகைக்கும் அதுவே. இங்கிலீஷ்காரன் எப்படித்தான் சமாளிக்கிறானோ.

செவ்வாய், 18

கனமழை. கரண்ட் இல்லை. குடை கொடுக்கவில்லை.

பதினோரு மணிக்குப் போன். தம்பி மகள் தேவி. ஓட்டுக்கூரையில் மழைச் சத்தம். முதலில் அப்பா, கட்டில் என்று என்னவோ சொன்னாள், காதில் விழவில்லை. பிறகு தெளிவாகக் கேட்டது:

"பெரியப்பா, நீங்க என்ன குரூப்பு?"

நீக்கிய பிறகு எந்தப் பக்கம் என்று வேவு பார்க்கிறார்கள். அதுவும் பிள்ளையை விட்டு.

"நான் எந்தக் குரூப்பிலயும் இல்ல. ஒங்க அப்பன்ட்டப் போய்க் கேளு."

வைத்துவிட்டேன். மறுபடி மூன்று தடவை அடித்தாள். எடுக்கவில்லை. நன்றாகச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன். ரசத்தில் உப்பு கூட.

புதன், 19

மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக வரும்.

காலை ஏழு மணிக்கு வாசலில் தேவி. முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். சேலை முழங்கால் வரை நனைந்து. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பி மழையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. குரூப்பில் போட்டாளாம். எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தாளாம். நேற்றே ஆபரேஷன் செய்திருக்க வேண்டும். அவன் ரத்தம் லேசில் கிடைக்காத வகை. ஒரு பாட்டில்தான் கிடைத்தது, இன்னொன்று கையில் இல்லாமல் கத்தி எடுக்க மாட்டோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூடப் பிறந்தவர்களுக்கு இருக்கலாம், கேளுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார்.

"ரத்த குரூப்பு கேட்டேன், பெரியப்பா."

அகராதியில் இது இல்லை. நான் எழுதிய பட்டியலிலும் இல்லை.

பழைய மில் கார்டைத் தேடி எடுத்தேன். ஓ நெகட்டிவ். மில்லில் கேலி செய்வான்கள், "ஏலே, இவருக்கு ரத்தமே இல்லைன்னுதான் கார்டு சொல்லுது" என்று. தேவி கார்டைப் பார்த்துவிட்டு அப்போதுதான் உட்கார்ந்தாள். அப்பாவுக்கும் அதுதான் என்றாள்.

ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம். கோதையும் லீவு சொல்லிவிட்டு வந்தாள்.

ரத்தம் எடுக்கும் இடத்தில் நர்ஸம்மா வயது கேட்டாள். அறுபத்தெட்டு. அறுபத்தைந்துக்கு மேல் எடுக்க மாட்டார்களாம். கார்டைக் காட்டினேன். என் தம்பிக்குத்தான் என்றேன். ரத்தம் என்ன மில் வேலையா, ரிட்டயர் ஆவதற்கு என்றும் கேட்டேன். சட்டம் ஐயா என்றாள். அரை மணி நேரம் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. பலன் இல்லை.

அதற்குள் கோதை பக்கத்தில் விரலை நீட்டிக் குத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஓ நெகட்டிவ். முப்பத்திரண்டு வருஷமாக ஒரே வீடு. அவள் என்ன குரூப் என்று எனக்குத் தெரியாது.

படுத்துக்கொண்டு கையில் பந்தை அமுக்கியபடி சொன்னாள், "திங்கக்கிழமையே தெரிஞ்சிருந்தா நேத்தே முடிஞ்சிருக்கும்லப்பா."

குரல் உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்கலாம்.

வியாழன், 20

வெயில். ஆபரேஷன் மதியம் முடிந்தது. நல்லபடியாக என்றார்கள். கோதைக்கு மாதுளை வாங்கிக் கொடுத்தேன், பாதியைத் தேவிக்குக் கொடுத்தாள்.

சாயங்காலம் உள்ளே விட்டார்கள். தம்பிக்கு உதடு காய்ந்து போயிருந்தது. என்னைப் பார்த்ததும், "அண்ணே, நான் ஒன்ன குரூப்புலருந்து எடுக்கலண்ணே" என்றான்.

பேசாம கிட என்றேன்.

வராந்தாவில் தேவி தன் போனைக் காட்டினாள். இந்தத் தடவை கண்ணாடி போட்டுப் படித்தேன். என் பெயர். பக்கத்தில் 'வெளியேறினார்'. 'வெளியேற்றினார்' இல்லை. நடுவில் ஒரு 'ற்' இல்லை. அந்த ஒரு எழுத்துக்கு அர்த்தம் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எத்தனை பேருக்குத் திருத்தியிருக்கிறேன்.

போன் தப்பாகவும் காட்டலாம் என்றேன்.

"காட்டலாம் பெரியப்பா" என்றாள். சிரிக்கவில்லை.

சனி, 22

வானம் வெளுத்துவிட்டது. குடை சரி செய்தாயிற்று. வியாழன் ராத்திரியே கோதை அடைத்த நம்பரை எல்லாம் திறந்துவிட்டாளாம். கேட்டுச் செய்யவில்லை. நானும் கேட்கவில்லை.

பத்து மணிக்கு டொய்ங். தம்பி படுக்கையில் இருந்தபடியே என்னையும் கோதையையும் குரூப்பில் சேர்த்திருக்கிறான். அடுத்த டொய்ங்: 'ரெத்தம் கொடுத்த மகலுக்கு நண்றி.'

மூன்று பிழை. வேண்டுமென்றே செய்தானா, மருந்து மயக்கமா, பிடிபடவில்லை. கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, 'மகளுக்கு. நன்றி, ரெண்டு சுழி. ரத்தத்தில் கொம்பு கிடையாது. காலை அசைக்காதே' என்று போட்டேன்.

கண்ணீர் வரச் சிரிக்கும் மூஞ்சி வந்தது. பின்னாலேயே வரிசையாக மற்றவர்களுடையதும். சத்தம் தாங்கவில்லை. நிறுத்தவில்லை.

மூணு புள்ளியின் மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன். கோதை ஏன் என்று கேட்டாள். போன் கண்ணாடியில் கீறல் என்றேன்.