அந்த ஊசி உங்களுக்கு வேண்டாம்

மார்ச் 6

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். நீயும் நலம் என்று நானே நினைத்துக்கொள்கிறேன். உன் போன் இரண்டு நிமிடம் தாண்டினால்தானே கேட்டுத் தெரிந்துகொள்ள! அதனால்தான் கடிதம்.

குளிர்காலத்தில் எனக்குச் சளி என்றேனே, அது பொய். நுரையீரலில் தொற்று. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். முடக்குவாதத்துக்குப் போன வருடம் போட ஆரம்பித்த ஊசி எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிட்டதாம். என் டிரைவிங் ஸ்கூலை உன் அத்தான் பார்த்துக்கொண்டார். கற்றுக்கொள்ள வந்தவர்களில் இரண்டு பேர் அவர் போட்ட சத்தத்துக்குப் பயந்து ஓடிவிட்டார்கள்.

புதிதாக வந்திருக்கும் டாக்டரம்மா என் முட்டியிலிருந்து ஒரு சின்னச் சதைத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். நேற்று முடிவு வந்தது. "அந்த ஊசி உங்களுக்கு வேண்டாம்மா. அது எந்தச் செல்லை அழிக்கணுமோ, அந்தச் செல்லே உங்க மூட்டுல இல்ல. தொற்றுதான் மிச்சம்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஓர் ஆய்வுக் கட்டுரையைத் திரையில் காட்டினார். மேலே உன் பெயர்.

"இது என் தம்பி!" என்றேன் பெருமையாக.

"அப்படியா! அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குமே?" என்றார்.

கட்டுரை வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அவருக்கு என்ன பதில் சொல்ல? நீ சொல்.

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நாலு வருடத்துக்கு முன் எங்கள் ஆய்வுக்கு நீயும் ஒரு துணுக்கு கொடுத்தாய். "தம்பி கேட்டா முட்டியையே கழட்டித் தருவேன்" என்று நர்ஸிடம் சொன்னாயாம். அப்படி நூற்றுப் பன்னிரண்டு பேர் கொடுத்தார்கள். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பிரித்து, அதற்குள் என்ன நடக்கிறது என்று படித்தோம். வெளியே எல்லோருக்கும் முடக்குவாதம் என்று ஒரே பெயர். மூட்டுக்குள்ளே மூன்று வகை. மூன்றாவது வகைக்கு அந்த ஊசியால் பயனில்லை.

எங்களிடம் ஒவ்வொரு துணுக்குக்கும் எண் மட்டும்தான் உண்டு, பெயர் கிடையாது. உன்னுடையது எது என்று எனக்குத் தெரியாது. இது உண்மை. நான் பிடித்துக்கொண்ட சாக்கும் இதுதான். "அக்கா, உனக்கு என்ன ஊசி போடறாங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால், "எனக்கு எப்படா மருந்து கண்டுபிடிப்ப?" என்பாய். நீ மூன்றாவது வகையாக இருந்தால், அதற்கு ஏற்ற மருந்து என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அதற்குப் பயந்துதான் சீக்கிரம் சீக்கிரமாகப் போனை வைத்தேன்.

பதவி உயர்வுக்கான படிவத்தில், என் ஆய்வால் மக்களுக்கு என்ன பயன் என்று கேட்டிருக்கிறார்கள். நானூறு கட்டுரைகளில் எங்களைக் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று எழுதி வைத்திருந்தேன். இப்போது அதைப் பார்க்கவே கூசுகிறது. மன்னித்துவிடு.

உன் தம்பி


ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

படித்து அழுதேன். அப்புறம் நன்றாகச் சாப்பிட்டேன். கோபம் பாதிதான் போயிருக்கிறது. நானும் சளி என்று மறைத்தவள்தானே, பாதி போனது அதனால்தான்.

ஊசியை நிறுத்திவிட்டார்கள். முட்டி வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் மூச்சு வாங்காமல் மாடி ஏறுகிறேன். போன வாரம் டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், கைக்குழந்தையோடு. அவளுக்கும் அதே ஊசிதான் எழுதியிருந்தார்களாம். "இப்ப முதல்ல டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டுத்தான் போடுவாங்களாம்க்கா" என்றாள். உன் படிவத்தில் இவளை எழுது.

மீதிக் கோபம் போக ஒரு வழி இருக்கிறது. அந்த நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் நீ கடிதம் போடு. என்ன கண்டுபிடித்தாய், அவர்கள் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று புரிகிற மாதிரி எழுது. எனக்கு அக்கா என்ற உரிமை இருக்கிறது, சண்டை போட்டேன். அவர்கள் யாரிடம் போவார்கள்?

அக்கா


ஏப்ரல் 24

அக்கா,

ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். ஆஸ்பத்திரி வழியாக எல்லோருக்கும் இன்று போகிறது. உனக்கும் வரும். புரிகிறதா என்று சொல்.

தம்பி


மே 9

அன்புத் தம்பிக்கு,

"மதிப்பிற்குரிய அம்மையீர்" என்று நீ என்னை அழைத்ததை வீடே படித்துச் சிரித்தது. எல்லாம் புரிந்தது. "மூன்றாவது வகையினருக்கு ஏற்ற மருந்து இன்று எங்களிடம் இல்லை, தேடிக்கொண்டிருக்கிறோம்" என்ற வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். இதை எழுதவா இவ்வளவு பயந்தாய்!

ஞாயிற்றுக்கிழமை போன் செய். மருந்து எப்போது என்று நான் கேட்கத்தான் கேட்பேன். "இன்னும் இல்லக்கா" என்று சொல். சொல்லிவிட்டு, பேசிக்கொண்டே இரு.

அக்கா