கரண்ட் வைத்த இடம்

அக்கா,

இன்று செம்பூரில் ஏறிய ரயிலில், பெண்கள் பெட்டியில் யாரோ ஆரஞ்சு உரித்தார்கள். அந்த வாசனையில் இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தவறவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது மாட்டுங்கா மார்க்கெட்டில் ஆரஞ்சு வாங்கி, பஸ் வரும்வரை நின்றபடியே தின்போமே, அந்த நாட்களுக்குப் போய்விட்டேன்.

கதிர்வீச்சுக்குக் காத்திருக்கும் கூடத்தில்தான் நாம் அறிமுகமானோம். இருவருக்கும் மார்பில் புற்றுநோய், இருவருக்கும் இடது பக்கம். நான் போனில் தமிழ் பேசுவதைக் கேட்டு நீங்களாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். தாராவியில் பை தைக்கும் பட்டறையில் வேலை, வீட்டுக்காரர் தவறிவிட்டார், ஒரே மகள் என்றீர்கள்.

பாதி சிகிச்சையில் உங்கள் தோல் வெந்து உரிந்தது. ரவிக்கை போட முடியவில்லை. "போதும்ட்டி. இந்தக் கரண்ட் வைக்கிறது இனி என்னால முடியாது. நாளைலருந்து நான் வரல" என்றீர்கள். மறுநாள் காலை உங்கள் வாசலில் வந்து நின்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். கடைசி நாள்வரை அப்படித்தான். உங்களுக்காக அலைகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். கதிர்வீச்சு அறையின் அந்தக் கனத்த கதவுக்கு வெளியே தனியாக உட்கார எனக்குப் பயம், அக்கா. அவ்வளவுதான்.

வருடங்கள் ஓடின. நமக்கு நோய் வந்த நினைவே மங்கியபோது, உங்கள் மார்பில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு புள்ளி வந்தது. ரயில் கூட்டத்தில் இடிபட்டிருக்கும் என்று இருவருமே நினைத்தோம். அது பரவிய பிறகுதான் போனோம். சதை எடுத்துச் சோதித்தார்கள். பழைய நோய் திரும்பவில்லை, இது வேறு வகை என்றார் டாக்டர். கதிர் பட்ட இடத்தில், அந்தக் கதிராலேயே, ரத்தக் குழாய்களின் உட்சுவரிலிருந்து, வெகு அபூர்வமாக யாரோ ஒருவருக்கு வருவதாம். அன்று கதிர்வீச்சு கொடுக்காவிட்டால் பழைய நோயே திரும்பியிருக்கக்கூடும் என்றும் சொன்னார். நான் அதை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டேன். அது உங்கள் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியாது.

அன்று வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியில் என் மார்பைத்தான் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? யாரோ ஒருவருக்கு வர வேண்டும் என்றால் அது வந்து முடிந்துவிட்டது என்பதுபோல. அப்படி நினைத்தேன் என்பதை எழுதும்போதே கை கூசுகிறது.

மார்பை எடுத்தார்கள். தையல் ஆறுமுன்பே தழும்பின் ஓரத்தில் மறுபடி புள்ளிகள். வாராவாரம் கீமோ ஆரம்பித்தார்கள். முதலில் புள்ளிகள் வெளுத்தன. "கலர் மங்குதுல்லா, பாரு" என்று புடவையை விலக்கிக் காட்டினீர்கள். நான் சரியாகப் பார்க்காமலே ஆமாம் என்றேன். அதற்குள் உங்கள் விரல் நுனிகள் மரத்துப்போயின. ஊசி குத்தி ரத்தம் வந்தாலும் தெரியவில்லை என்று பட்டறையை விட்டீர்கள். பிறகு மருந்து கேட்கவில்லை. வேறு மருந்து மாற்றினார்கள். நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது, இனி கீமோ உடம்பைத்தான் வருத்தும் என்று நிறுத்தினார்கள்.

கடைசியாக நாம் பேசியது உங்கள் வீட்டில். தலையணையை அடுக்கிச் சாய்ந்திருந்தீர்கள். மூச்சு வாங்கிக்கொண்டே, "அன்னைக்கு நீ வந்து கூப்பிடலைன்னா நான் பாதியிலயே நிறுத்தியிருப்பேன்ட்டி" என்றீர்கள். நான் பதில் சொல்லுமுன் உங்கள் மகள் டீயோடு வந்தாள். பேச்சு அவளுடைய கல்யாணத்தின் பக்கம் திரும்பியது. அதன்பின் நீங்கள் பேசும் நிலையில் இல்லை; சில நாளில் போய்விட்டீர்கள்.

நன்றியாகச் சொன்னீர்களா, குறையாகச் சொன்னீர்களா? அந்தக் குரலை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன், பிடிபடவில்லை. கேட்டிருக்கலாம். கேட்கப் பயந்தேன்.

போன மாதம் செக்கப்பில் எனக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். சந்தோஷப்பட்டேன், அக்கா. அதை உங்களிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.