காத்தமுத்து படுத்துக்கொண்டு ஓடியது

1911 ஆகஸ்ட் 14, திங்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளைக்குத் தபால் பை சுமந்து ஓடும் காத்தமுத்து, காலில் காயத்தோடு பத்து நாள் தன் லயத்து அறையில் படுத்திருந்தான். இன்று பதுளைக்கு ஓடிப் பழைய நேரத்துக்குள் திரும்பாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு என்று துரை சொல்லியிருந்தார். முடியாது என்றுதான் நானும் நினைத்தேன். முன்னதாகவே வந்து நின்றான்.

"எப்படிடா?" என்றேன்.

"படுத்துக்கிட்டே தினம் ஓடினேங்க, கிளாக்கர் ஐயா. எந்த வளைவுல மூச்சு வாங்கணும், எந்தக் கல்லுல கால் வைக்கணும், எல்லாம் கண்ணை மூடிப் பார்த்துக்கிட்டேன். ஹாலிஎல ஏத்தத்துல ரெண்டு தடவை விழுந்தேன்."

"படுக்கையிலயா?"

"ஆமாங்க. எந்திரிச்சு மறுபடி ஓடினேன்."

என்ன மனம் அவனுக்கு! எனக்கு வரவேண்டிய பெரிய கிளாக்கர் வேலையைத் துரை வேறொருவனுக்குக் கொடுத்த காலையை, ஒன்பது வருடமாக நானும் படுத்துக்கொண்டு பார்க்கிறேன். அதில் நான் துரையிடம் வாய் திறந்து கேட்பதாக ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.