காதுகுத்துக்கு வந்த பஸ்

அக்கா,

இன்று காலை அம்பத்தூரில் ஆபீஸ் லிஃப்ட் மூடியதும் மருக்கொழுந்து வாசனை வந்தது. முன்னால் நின்ற பெண்ணின் கொண்டையில், நீங்கள் வைத்துக்கொள்வது போலவே ஒரு சின்னக் கொத்து. என் மாடி வந்தும் நான் இறங்கவில்லை. அவள் இறங்கும் வரை கூடவே போய்விட்டுத் திரும்பினேன்.

தேனியிலிருந்து வந்த எனக்கும் என் கணவருக்கும், ஹைவே பக்கத்தில்தான் என்று சொல்லி இந்த ஃப்ளாட்டை விற்றார்கள். கார் வைத்திருப்பவர்களுக்குப் பக்கம்தான். செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் உங்கள் பழைய தெரு, எங்கள் கட்டடம், மீதியெல்லாம் கல் நட்ட மனைகள். நசரத்பேட்டை வரை நடந்துபோய்த்தான் பஸ் பிடிக்க வேண்டும். முதல் நாள் நான் நடந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து உங்கள் குரல். "இன்னா கண்ணு, ஒண்டியாவா போற? நானும் எஸ்டேட்டுக்குத்தான். வா." அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் உங்களுக்குப் பேக்கிங் வேலை. அன்று முதல் நாம் இருவரும் சேர்ந்தே நடந்தோம்.

வயிற்றில் குழந்தை உண்டான பிறகு கால் வீங்கத் தொடங்கியது. மழைக்காலத்தில் அந்தச் சாலை சேறாகிவிடும். ஆட்டோக்காரர்கள் உள்ளே வர மாட்டார்கள். ஒருநாள் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டேன். "வேலைய விட்டுடப் போறேன்க்கா" என்றேன். நீங்கள் என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டீர்கள். "வேலய மட்டும் வுட்றாத. பஸ்ஸ நான் பாத்துக்கறேன்."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் நீங்கள் லீவு போட்டு லீவு போட்டு பஸ் ஆபீசுக்கு அலைந்தீர்கள். இந்த ஊரில் ஜனமே இல்லையே, யாருக்காக பஸ் விடுவது என்று கேட்டுக் கேட்டு அனுப்பினார்கள். கடைசியில் ஓர் அதிகாரி நேரில் வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். அவர் வரும் நாளுக்கே உங்கள் தம்பி மகளின் காதுகுத்தை மாற்றி வைத்தீர்கள்.

திருமழிசையிலிருந்தும் ஆவடியிலிருந்தும் சொந்தக்காரர்கள் வேன் வேனாக வந்து இறங்கினார்கள். ஊர் அன்று திருவிழா மாதிரி இருந்தது. அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கி அம்மன் கோயில் வாசலில் கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்தபடி நின்றார். அவரைப் பந்தியில் உட்கார வைத்து நீங்களே வடை வைத்தீர்கள்.

"இவ்ளோ பேரும் இந்த ஊரா?" என்று கேட்டார்.

நீங்கள் ஆமாம் என்று சொல்லிவிடுவீர்கள் என்றுதான் நான் பயந்தேன்.

"இல்ல சார். பாதிப் பேரு காதுகுத்துக்கு வந்தவங்கோ. இவங்கல்லாம் இங்க பொறந்து வெளியூர்ல வாக்கப்பட்ட பொண்ணுங்க, இங்க மனை வாங்கிப் போட்டவங்கோ. ஜனம் இல்லன்னு நீங்க பஸ் வுட மாட்றீங்கோ. பஸ் இல்லன்னு இவங்க ஊடு கட்ட மாட்றாங்கோ. யாராச்சும் ஒர்த்தரு மொதல்ல வரணும்ல?"

அவர் இலையைப் பார்த்துக்கொண்டே, "பாயசம் இருக்காம்மா?" என்றார்.

காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை என்று மினி பஸ் வந்தபோது எனக்கு ஒன்பதாம் மாதம். நீங்கள் என்னை ஜன்னலோரம் உட்கார வைத்தீர்கள். நான்கைந்து பேர்தான் இருந்தோம். நீங்கள் மட்டும் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "வண்டி ரொம்பி இருக்கற மாரி தெரியணும்ல" என்றீர்கள்.

போன ஐப்பசியில் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய்விட்டது. இப்போது மனைகளில் வீடுகள் எழும்பிவிட்டன. நடைகளும் கூடிவிட்டன. ஆனாலும் உட்கார இடம் கிடைப்பதில்லை.

இன்று சாயங்காலம் டிரைவர் வண்டியை எடுத்தபோது, கைக்குழந்தையோடு ஒருத்தி ஹைவே ஓரமாக ஓடி வந்துகொண்டிருந்தாள். "இரு நைனா, ஆளு வந்துகினு கீது" என்று ஒரு குரல் கேட்டது. டிரைவர் பிரேக் போட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். அதன் பிறகுதான் அது என் குரல் என்று எனக்குத் தெரிந்தது, அக்கா.